அக்காவின் திருப்பமும் என் முன்பல்லும்

செப்டம்பர் 7, ஞாயிறு

உலக மக்களுக்கு ஒரு துயர அறிவிப்பு. கோயம்புத்தூர், கணபதி, எங்கள் வீட்டுச் சமையலறையில் பல்லாண்டுகள் அயராது அரைத்துவந்த மிக்ஸி, இன்று காலை தேங்காய்ச் சட்னியின் நடுவே 'ர்ர்ர்' என்ற இறுதிச் சொல்லுடன் இயற்கை எய்தியது. அன்னாருக்கு இரண்டு ஜார்களும் ஒரு மூடியும் உள்ளனர். இன்னொரு மூடி சென்ற ஆண்டே வீட்டைவிட்டு ஓடிவிட்டது. நல்லடக்கம் குறித்து அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் முடிவு செய்யப்படும். துக்கம் காரணமாக இட்லிக்குப் பொடி.

பிற செய்திகள்: அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.

பின்னாளில் இந்த நோட்டைத் தோண்டி எடுக்கப்போகும் ஆராய்ச்சியாளர்களுக்காக: என் அக்கா வினோதினி படையில் ஹெலிகாப்டர் பைலட். போன மாதக் கடைசியில், வடக்கே ஒரு மைதானத்தில், சாகச நிகழ்ச்சிக்கான ஒத்திகை. தரைக்கு மிக அருகில், முழு வேகத்தில், சடாரென்று ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வால் தரையில் இடித்து, விசிறி உடைந்து, அக்காவின் கணுக்காலும் உடைந்தது. கூட இருந்த பைலட்டுக்கு உதட்டில் தையல். யாரும் சாகவில்லை.

போன் வந்தபோது அம்மா அழுதாள். அப்பா பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நான் பாறை. பாறைமேல் கொஞ்சம் ஈரம் இருந்ததென்று யாராவது சொன்னால் அது பனி.

மாவுக்கட்டில் 'இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்' என்று எழுதினேன். பொட்டென்று மண்டையில் ஒரு அடி. அடியின் வேகம் வழக்கம்போல் இருந்தது. அக்கா நலம்.

செப்டம்பர் 8, திங்கள்

மறுப்புச் செய்தி. மிக்ஸி உயிர்த்தெழுந்தது. அப்பா அதைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். "தேங்காயை அடைச்சு வெச்சா நின்னுதான் போகும். பாதிய எடுத்துட்டுப் போடு," என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான். இரங்கற்பா எழுதியது வீண்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒறம்பரை வந்தது. எங்கள் ஊரில் உறவினருக்கு அப்படித்தான் பெயர். உடம்பு சரியில்லாத வீட்டுக்கு ஒறம்பரை வந்தால், உடம்பு சரியில்லாதவர் எழுந்து ஓடும்வரை போகாது. அக்காவால் ஓட முடியாது.

தலைமை ஒறம்பரை, அம்மாவின் தம்பி குழந்தைவேல் மாமா. பல்லடத்தில் கோழிப்பண்ணை. பெயரில் மட்டும் குழந்தை. புஜம் இரண்டும் பம்புசெட் மோட்டார். தினமும் ஜிம்முக்குப் போகிறார். போனதை எல்லாருக்கும் தெரியப்படுத்த சட்டைக்கையை இரண்டு மடிப்பு அதிகமாக மடித்துக்கொள்கிறார்.

விபத்தின் வீடியோ அவர் போனில் இருந்தது. யாரோ எடுத்து, ஊரெல்லாம் சுற்றி, கோழிப்பண்ணைவரை வந்துவிட்டது. அதை அக்காவுக்கே போட்டுக் காட்டினார்.

"பாரு அம்மிணி, இந்த எடத்துல ஒரே புடியா புடிச்சு இழுத்திருக்கோணும். உன்ற மேல தப்பு சொல்லலீங் கண்ணு. பொம்பளப் புள்ள கை, அவ்வளவு பெரிய மெஷின எப்படித் தாங்கும்? நானா இருந்தா புடிச்சிருப்பேன்."

"நீங்க இருந்தா மாமா, அது மேலயே எந்திரிச்சிருக்காது," என்றேன்.

"வாயப் பாரு. லொள்ளு."

அக்கா போனை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்னை அடிக்கும்போது இருக்கிற ஆள் அதில் இல்லை.

மாமா கிளம்பும்போது அவருடைய ஒற்றைச் செருப்பைக் காணோம். எல்லாரும் தேடினோம். நான் மிகுந்த ஈடுபாட்டுடன் தேடினேன்.

செப்டம்பர் 10, புதன்

செருப்பு கிடைத்தது. ஃப்ரிட்ஜில், முட்டைக்கோசுக்குப் பின்னால். அம்மா எனக்கு இரவுச் சாப்பாடு இல்லை என்றாள். அக்கா தன் தட்டிலிருந்து இரண்டு தோசையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். இப்போது சிரித்தது அந்த அடிக்கிற ஆள்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கம்ப்யூட்டரில் என்னிடம் ஹெலிகாப்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஓட்ட ஒரு ஜாய்ஸ்டிக்கும் இருக்கிறது. அக்கா செய்த அதே திருப்பத்தை, அதே உயரத்தில், அதே வேகத்தில் செய்துபார்த்தேன். செய்தேன். மறுபடி செய்தேன். பிஸ்கட் தின்றுகொண்டே செய்தேன். ஒருமுறைகூட விழவில்லை.

இதை நாகரிகமாக அக்காவிடம் தெரிவித்தேன். "ஒண்ணும் பெரிய விஷயமில்லக்கா. இப்படி ஒரு இழுப்பு."

"உன்ற ஸ்டிக்கு உன்னையத் திருப்பித் தள்ளுதாடா?"

"அதெதுக்குத் தள்ளோணும்?"

"தள்ளட்டும். அப்பறம் பிஸ்கட்டு தின்னு."

செப்டம்பர் 18, வியாழன்

காலாண்டுத் தேர்வு, இயற்பியல். 'சிறப்பாக எழுதினேன்' என்று வீட்டில் அறிவித்திருக்கிறேன். கையெழுத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

மாலையில் அக்காவுக்கு அவள் படைத்தளத்திலிருந்து ஒரு பெரிய ஆபீசர் பேசினார். விசாரணைக் குழு அடுத்த மாதம் கூடுகிறதாம். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா பேசியது எல்லாமே "சார்", "ஆமா சார்", "யோசிக்கிறேன் சார்". கதவுக்குப் பின்னால் நின்று இவ்வளவுதான் தேறியது. போனை வைத்ததும், "உள்ள வாடா, காத்து வரட்டும்," என்றாள்.

அவர் நல்லவராம். நல்லதுதான் சொன்னாராம். ஸ்டிக் இறுகியது உண்மை, கூட இருந்த பைலட்டும் பார்த்தான், ஆகவே 'கன்ட்ரோல் ஜாம் ஆயிற்று' என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள். பழி மெஷினுக்குப் போகும், நீ மறுபடி பறக்கலாம். இல்லையென்றால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு பார்க்க வேண்டியதுதான். இதுதான் யோசனை.

வென்றோம்! இயந்திரக் கோளாறு! ஒறம்பரை வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன்: 'மெஷின்தான் ஜாம். அக்கா கை அல்ல. குழந்தைவேல் மாமா மன்னிப்புக் கேட்கவும்.' முப்பது கைதட்டல் வந்தது. மாமா ஒரு கோழிப் படம் அனுப்பினார்.

அதை அக்காவிடம் காட்டினேன். அடிப்பாள் என்று தலையைக் குனிந்தேன். அடிக்கவில்லை. "அழிச்சுரு பவித்ரன்," என்றாள்.

என் முழுப் பெயரை அக்கா சொல்வது வருஷத்துக்கு ஒருமுறை. அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

இன்று கேட்டே விட்டேன். "ஜாம்தானே ஆச்சு? அப்பறம் சொல்றதுக்கென்ன?"

"ஜாம் ஆகலடா."

"சிமெண்ட்ல நட்ட மாதிரி இருந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

அக்கா தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு சொன்னாள். புரிந்தவரை எழுதுகிறேன், புரியாததை இயற்பியல் வாத்தியார் பார்த்துக்கொள்ளட்டும்.

"தலைக்கு மேல சுத்தற விசிறிய நம்ம கைப் பலத்துல அசைக்க முடியாது. நடுவுல எண்ணெய் அழுத்தத்துல வேல செய்யற ஹைட்ராலிக் இருக்குது. நான் ரெண்டு விரல்ல தள்ளுனாப் போதும், பாரத்த அது தாங்கிக்கும். அன்னிக்கு வேகமும் ஜாஸ்தி, திருப்பமும் ஜாஸ்தி. விசிறி மேல வந்த பாரத்த அதால தாங்க முடியல. அதுக்கு மேல வர்ற பாரமெல்லாம் நேரா என்ற கைக்கு வந்துருச்சு."

"அப்ப மெஷின் கோளாறுதானே?"

"கோளாறே இல்ல. அதோட அளவு அவ்வளவுதான். அந்த நேரத்துல என்ன பண்ணோணும்னா, கொஞ்சம் தளத்தோணும். திருப்பத்த லேசா விட்டுக்குடுத்தாப் போதும். பாரம் கொறைஞ்சு, ஒரு மூச்சுல மறுபடியும் வெண்ணெயாட்டம் ஆயிரும்."

"நீ தளத்துனயா?"

"இழுத்தேன்."

"தெரியாதா உனக்கு?"

"தெரியும். புஸ்தகத்துல ரெண்டு வரி இருக்குது. மண்டையில படிஞ்சுது, கையில படியல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "தெரிஞ்சும் எதுக்கு இழுத்த?"

"கீழ மண்ணு தெரிஞ்சுதுடா," என்றாள். "மண்ணு அவ்வளவு பக்கத்துல தெரியறப்ப எவளுக்குத் தளத்தத் தோணும்?"

நான் மாவுக்கட்டைப் பார்த்தேன். 'வாகனங்களை நிறுத்தாதீர்' பாதி அழிந்திருந்தது.

"நான் ஜாம்னு சொன்னா அந்த மெஷினப் பிரிச்சுப் போட்டு இல்லாத ஜாமைத் தேடுவாங்க. அடுத்த ஒத்திகையில இன்னொருத்தன் இதே மாதிரி இழுப்பான். அவனுக்குக் கணுக்காலோட போகுமான்னு தெரியாது."

"சொல்லிட்டா உன்னையப் பறக்க விட மாட்டாங்க."

"விடாம எங்க போறாங்கன்னு பாக்கறேன்."

அங்கே வந்துவிட்டாள், என்னை அடிக்கிற ஆள்.

செப்டம்பர் 24, புதன்

தேர்வு முடிந்தது. அது என்னை முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

அப்பாவின் பட்டறையில் ஒரு மகத்தான கண்டுபிடிப்பு உருவாகிறது. நோக்கம்: குழந்தைவேல் மாமாவின் புஜத்துக்குப் பாடம் புகட்டுதல். பொருட்கள்: உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் சீட் பெல்ட்டின் சுருள்பெட்டி ஒன்று. ஒரு இரும்புக் குழாய். அப்பாவின் சக்கர நாற்காலி; அதாவது ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உருளுமே, அது.

சீட் பெல்ட்டின் குணம் எல்லாருக்கும் தெரியும். மெதுவாக இழுத்தால் வரும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு கோபமாக இழுக்கிறோமோ அவ்வளவு பிடிவாதமாக நிற்கும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தானே இளகிவிடும். குழாயைக் கீழே கீல் வைத்து நிறுத்தி, அதை அந்தப் பெல்ட்டோடு கட்டிவிட்டால் ஸ்டிக் தயார். எதிரே நாற்காலி. நாற்காலியில் பலி.

அக்காவின் மெஷினும் இதுவும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் புத்தி ஒரே புத்தி.

பெயர்: பிடிவாதம் மார்க் ஒன்று. அப்பா வெல்டிங் வைத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. "சக்கரத்துக்கு அடை வைக்கலயா?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாங்ப்பா. அதுதான் சூட்சுமம்."

செப்டம்பர் 25, வியாழன்

சிறு செய்தி: முன்பல்லின் நுனியில் லேசான சேதம். கிரிக்கெட். பந்து நல்ல வேகம்.

நாள் முழுக்க மழை. துணி எதுவும் காயவில்லை.

"இந்த மழையில எந்த கிரவுண்டுலடா வெளையாடுன?" என்று அம்மா கேட்டாள். "இன்டோர்," என்றேன்.

அக்கா என் பல்லைப் பார்த்தாள். அப்புறம் கட்டையை ஊன்றிக்கொண்டு, "பட்டறைய ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன், கால் மரத்துப் போச்சு," என்று போனாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எங்கள் ஊரில் இன்று மனிதன் முதல் மைக்ரோமீட்டர்வரை எல்லாருக்கும் சந்தனம், குங்குமம். லேத்துகளைக் கழுவித் துடைத்து மாலை போட்டாகிவிட்டது. இன்று எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது. பிடிவாதம் மார்க் ஒன்றுக்கு மோட்டார் கிடையாது. ஆகவே சாஸ்திரத்தில் ஓட்டை. அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல், ஒறம்பரை. குழந்தைவேல் மாமா சட்டைக்கையை மூன்று மடிப்பு மடித்து வந்திருந்தார்.

"என்றா இது, கட்டை வண்டி?"

"ஹெலிகாப்டருங் மாமா. அந்தத் திருப்பத்துல நீங்க புடிச்சிருப்பேன்னு சொன்னீங்கல்ல. இந்தக் குழாய நெஞ்சுவரைக்கும் இழுத்துட்டீங்கன்னா நீங்க சொன்னது சரி. ஆனா ஒரு நிபந்தனை, பைலட்டாட்டம் வெடுக்குனு இழுக்கோணும். அன்னிக்கு அவகாசம் இல்ல."

"அவ்வளவுதானா?" நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. உள்ளங்கையில் திருநீறு பூசிக்கொண்டார். ஒரு இழுப்பு.

டக். பூட்டிக்கொண்டது.

"என்னமோ சிக்கிருச்சு."

"ஜாமுங்களா மாமா?"

"சும்மா இரு." பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையாலும், இதோ ஒரே புடியாக, இழுத்தார். குழாய் வரவில்லை. குழாய் வராவிட்டால் யாராவது ஒருவர் போகத்தானே வேண்டும்? நாற்காலி சக்கரத்தில் சர்ரென்று முன்னால் போனது. மாமாவின் நெற்றி குழாயில் 'டங்' என்று மோதியது. நாற்காலி பின்பக்கம் நழுவ, பல்லடத்தின் பெருமை பொரித் தட்டில் உட்கார்ந்தது.

பட்டறை அதிர்ந்தது. அப்பாகூடச் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தம்பியைத் தூக்க வந்தாள். தூக்க முடியவில்லை, சிரிப்பு.

அக்கா கட்டையோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். குழாயை வெடுக்கென்று இழுத்தாள். டக். இழுப்பதை நிறுத்தினாள். விரலை லேசாகத் தளர்த்தினாள். உள்ளே ஏதோ 'கிளிக்' என்றது. பிறகு இரண்டே விரலில், குழந்தையை மடியில் இழுத்துக்கொள்வதுபோல நெஞ்சுவரைக்கும் கொண்டுவந்தாள். நாற்காலி அசையவில்லை.

"பலத்துல ஒண்ணுமே இல்லீங் மாமா. தளத்தறதுலதான் இருக்குது."

கைதட்டல். நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா சட்டையிலிருந்து பொரியைத் தட்டிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார்: "அப்ப ஏனுங் அம்மிணி, தளத்தியிருந்தா வுழுந்திருக்காதுன்னா, தப்பு உன்ற மேலதானே ஆவுது?"

யாரும் பொரி மெல்லவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"ஆமாங் மாமா. தரைகிட்ட அவ்வளவு வேகமாத் திருப்புனது என்ற தப்பு. தளத்தாம இழுத்ததும் என்ற தப்பு. விசாரணையில அதையேதான் சொல்லப்போறேன். பொம்பளக் கைங்கறதால வுழுகல. ஆம்பளக் கையும் வுழுகும்." பொரித் தட்டைப் பார்த்தாள். "இப்பத்தான் பாத்தமே."

அக்டோபர் 2, வியாழன்

வீட்டில் உள்நாட்டுப் போர். மூன்று அணிகள்.

என் அணி: ஜாம் என்று சொல், பற.

அம்மா அணி: உண்மையைச் சொல், அவர்களே உன்னைப் பறக்கவிடாமல் பண்ணிவிடுவார்கள், நல்லதாகப் போயிற்று. அம்மா இதை இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. "உம்மையச் சொல்றதுதான் கண்ணு நம்ம வளப்பு," என்று சொல்லி, கையோடு, "மேஜை வேலையும் கவுரவமான வேலைதானே?" என்று ஒட்டவைத்தாள்.

அக்கா அணி: உண்மையும் சொல்வேன், பறக்கவும் செய்வேன்.

அப்பா அணி மாறி அணி மாறி, கடைசியில் செய்தித்தாளில் இணைந்தார்.

"எனக்குத் தெரியும்மா, நீ எதுக்கு ஆமா போடறன்னு," என்றாள் அக்கா.

"நான் பெத்தவ. அந்த வீடியோவ நான் எத்தன தடவ பாத்தேன்னு உனக்குத் தெரியுமா?" அம்மா மாவுக்கட்டைக் காட்டினாள். "நின்னு போச்சல்ல அந்த மெஷினு? நம்ம கைக்கு அடங்காம நின்னு போன ஒண்ணு மேல மறுபடியும் எதுக்கு ஏறோணும்?"

அக்கா யோசித்தாள். "மிக்ஸி நின்னப்ப என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுவாங்க? திட்டுனேன்."

"தூக்கி வெளிய போட்டயா?"

"எதுக்குப் போடோணும், நல்லா அரைக்குதே. தேங்காயக் கொறைச்சுப் போட்டா..."

அம்மா பாதியில் நிறுத்தினாள். அக்காவை முறைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள்.

அக்டோபர் 13, திங்கள்

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. உள்ளே இருந்த கால் வேறு யாருடையதோ போல மெலிந்திருந்தது. இன்று அக்கா விசாரணைக்குக் கிளம்பினாள்.

விமான நிலையத்தில் மறுபடி ஒருமுறை முயன்றேன். "ஜாம்னு ஒரு வார்த்தக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயா? நீ சொல்லாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள். என் வாயைப் பார்த்தாள். நான் உதட்டை மூடிக்கொண்டேன்.

அம்மா திருநீறு பூசிவிட்டாள். "போய் என்ன சொல்லோணுமோ சொல்லு," என்றாள். எந்த அணியில் இருக்கிறாள் என்று இப்போது தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அக்கா இல்லை. மாமாவின் ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு பாம்பு மாத்திரை வைத்தேன். மனசு ஒட்டவில்லை. அதுவும் நமத்துப்போய் அரைப் பாம்புதான் வந்தது.

ஆச்சரியம்: பக்கத்து வீட்டுக்காரர், "என்னங்க, உங்க அக்கா பொண்ணு ஹெலிகாப்டர விட்டுட்டுதாமே, கை வலு இல்லாம," என்று மாமாவிடம் கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "விஷயம் தெரியாம பேசாதீங்க. அது வலுவுல இல்லீங்க. ஹைட்ராலிக் தோத்துச்சுன்னா எவன் கையும் தோக்கும். தளத்தோணும். நானே ஓட்டிப் பாத்திருக்கேன்," என்றார்.

நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேனாம். நான் குனிந்து சங்குசக்கரத்தைப் பற்றவைத்தேன். முதல்முறையாக அந்த மனிதர்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. நாளை சரியாகிவிடும்.

நவம்பர் 27, வியாழன்

முடிவு வந்துவிட்டது. எழுத்தில் கண்டிப்பு. ஓராண்டுக்குச் சாகச நிகழ்ச்சிகளில் பறக்கத் தடை. மேஜை இல்லை! கால் முழுக்கத் தேறியதும் பயிற்சியாளரோடு ஒரு சோதனைப் பறப்பு, தேறினால் பழையபடி.

இன்னொன்று. அக்கா குழுவின் முன்னால் கேட்டாளாம்: "புஸ்தகத்துல ரெண்டு வரி போதாது. எல்லாருக்கும் நல்ல உயரத்துல கொண்டுபோய் அந்த இறுக்கத்தக் கையில காட்டுங்க." இனி அவள் தளத்தில் அப்படியே செய்யப்போகிறார்கள். முதலில் காட்டப்போவது அவளுக்கே. அதுதான் சோதனை.

அந்தப் பெரிய ஆபீசர் அவளோடு இரண்டு வாரம் பேசவில்லையாம். அப்புறம் வந்து, "நீ பிடிவாதக்காரி," என்றாராம். "எங்க வீட்டுல அதுக்கு மெஷினே இருக்குது சார்," என்றாளாம் அக்கா.

உரிமைத்தொகை கேட்டு விண்ணப்பிக்க உள்ளேன்.

ஜனவரி 10, சனி

இன்று காலை சோதனை. மெஷினை உயரே கொண்டுபோய், பயிற்சியாளர் வேண்டுமென்றே வேகமும் திருப்பமும் ஏற்றுவார். ஸ்டிக் சிமெண்டாகும். அக்கா என்ன செய்கிறாள் என்று பார்ப்பார்.

விடிந்ததிலிருந்து அம்மா அரைத்துக்கொண்டிருக்கிறாள். சட்னி, பொடி, மசாலா, அப்புறம் எதற்கென்றே தெரியாத ஒன்று. நடுவில் மிக்ஸி 'ர்ர்ர்' என்று நின்றது. அப்பா எழுந்தார். அதற்குள் அம்மாவே ஜாரை எடுத்து, பாதியை வழித்து வைத்துவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அது ஓடியது. அம்மா அதன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். "டேய், அத நசுக்கிராத," என்றார் அப்பா. பார்த்தால் விரல் வெளுத்திருந்தது.

மணி அடித்தது.

"தளத்திட்டேன்டா," என்றாள் அக்கா.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சாப்ட்டியா?" என்று மட்டும்தான் கேட்டாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்புறம் மறுபடி என் முறை. பின்னால் காற்றும் மெஷின் சத்தமும் கேட்டது. பயமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். ஸ்டிக் இறுகியதும் கை தானாக இழுக்கத்தான் போனதாம்.

"அப்பறம்?"

"உன்ற பல்லு ஞாபகம் வந்துது."

"என்ற பல்லா?"

"ஒடைஞ்ச நுனி பட்டறையில அந்த நாற்காலிக்கு அடியில கிடந்துதுடா. அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன். இன்னிக்கு நெஞ்சுப் பாக்கெட்டுல போட்டுட்டுத்தான் ஏறுனேன். ரெண்டு கையும் வேலையா இருக்கும், தொட்டுப் பாக்க முடியாது. ஆனா இருக்குதுன்னு தெரியுமல்ல. இழுத்தா என்ன ஆகும்னு."

என் நாக்கு போய் முன்பல்லின் நுனியைத் தடவிப் பார்த்தது.

"இன்டோர் கிரிக்கெட்டு," என்று சொல்லி அவள் சிரித்தாள். அடிக்கிற ஆளின் சிரிப்பு.

சரி. ஆராய்ச்சியாளர்களே, அருகில் வாருங்கள். உரக்கச் சொல்ல முடியாது. பந்து இல்லை, மட்டை இல்லை, இன்டோரும் இல்லை. பிடிவாதம் மார்க் ஒன்றிலிருந்து முதன்முதலில் பறந்த பைலட் குழந்தைவேல் மாமா அல்ல. அன்று மழை, பட்டறையில் யாரும் இல்லை. வெடுக்கென்று இழுத்தால் பூட்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், செய்தவனே நான். தெரிந்தும் இழுத்தேன். பூட்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தேன். ஏனென்றால் அந்த ஒரு நொடி, மாமா நினைத்ததையேதான் நானும் நினைத்தேன்: என்னுடைய கையாக இருந்தால் பிடித்திருக்கும்.

அதுவும் யாரைப் பற்றி? யாருடைய மாவுக்கட்டில் எழுதினேனோ, யாருடைய தட்டிலிருந்து தோசை வாங்கித் தின்றேனோ, அந்த அக்காவைப் பற்றி.

அப்புறம் பாறைமேல் இருந்த அந்தப் பனி. அதுவும் பனி இல்லை.